எதிர்க்கடைக்காரர் எப்படிக் குறைத்து விற்கிறார்?

போன வாரம் ஆசிரியர் குழுவிலிருந்து ஒரு கடிதத்தை எனக்கு அனுப்பியிருந்தார்கள். கேள்வி-பதில் பகுதிக்கு வந்த கடிதம். 'இதற்கு நாலு வரியில் பதில் போட முடியாது, நீங்களே விரிவாக எழுதுங்கள்' என்று ஓரத்தில் ஒரு குறிப்பு. வாசகர் கேட்டிருந்தது இதுதான்:

'நாங்கள் ஐந்நூறு விவசாயிகள் சேர்ந்து உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் வைத்திருக்கிறோம். மரச்செக்கு போட்டு கடலை எண்ணெய் விற்க ஆசை. ஆனால், இங்கே ஒரு தனியார் கம்பெனி எங்களுக்குக் கட்டுப்படியே ஆகாத விலையில் எண்ணெய் விற்கிறது. அவர்கள் எங்கே சரக்கு வாங்குகிறார்கள், யாருக்கு விற்கிறார்கள் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? அங்கே கணக்கு எழுதும் பையன் எங்கள் தலைவருக்குச் சொந்தம். அவனைக் கேட்டால் தப்பா?'

நல்ல கேள்வி. நேர்மையான கேள்வியும்கூட. தப்பு என்று மனதுக்குள் பட்டதால்தானே கேட்டிருக்கிறார்!

வேளாண் விற்பனை, வேளாண் வணிகத் துறையில் வேலை பார்ப்பதால் உழவர் நிறுவனங்களின் கூட்டங்களில் அடிக்கடி உட்கார வேண்டியிருக்கிறது. திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்கள்தான் நான் அதிகம் சுற்றிய பகுதி. நிலக்கடலையை மணிலா என்றும் மல்லாட்டை என்றும் சொல்கிற ஊர்கள். அந்தப் பக்கத்து நிறுவனம் ஒன்றில் மூன்று வருடத்துக்கு முன்பு இதே கேள்வி வந்தது. அங்கே நடந்ததைச் சொன்னாலே கடிதம் எழுதியவருக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். போட்டிக்காரர் என்ன செய்கிறார் என்று பார்ப்பதை ஏதோ கார்ப்பரேட் கம்பெனிகள் கண்டுபிடித்த வித்தை என்று நினைக்க வேண்டாம். என் அப்பா ஆறாம் வகுப்பைத் தாண்டாதவர். மல்லாட்டை பிடுங்குகிற நாள் நெருங்கினால், சேத்துப்பட்டு கமிட்டிக்கு வெறும் கையோடு ஒரு நடை போய்விட்டு வருவார். எத்தனை வண்டி நிற்கிறது, எந்த ஊர் மூட்டை, எந்த வியாபாரி கையை மடக்கிக்கொண்டு நிற்கிறார், எவர் மூட்டையில் குத்தூசி போட்டுப் பார்க்கிறார் என்று நோட்டம் பார்த்துவிட்டு, டீக்கடையில் அரைமணி நேரம். அதற்குப் பிறகுதான் வீட்டில் ஆள் கூப்பிடுகிற பேச்சு. 1988-ல் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து சந்தைப்படுத்துதல் பாடம் படித்தபோது, இது எங்கப்பா செய்கிற வேலையாயிற்றே என்றுதான் தோன்றியது.

இப்போது அந்த நிறுவனத்தின் கதைக்கு வருகிறேன். அறுநூறு பங்குதாரர்கள். ஆளுக்கு ஆயிரம் ரூபாய் பங்கு. பாதிப் பேர் அந்த ஆயிரத்தை இரண்டு தவணையில் கட்டியவர்கள். செக்கு, வடிகட்டி, பாட்டில் அடைக்கும் இயந்திரம், கொட்டகை எல்லாம் சேர்த்து 18 லட்சம் ரூபாய்க்கு வங்கியில் கடன் கேட்கலாம் என்று இயக்குநர் குழுவில் முடிவெடுக்கும் தறுவாயில் இருந்தார்கள். பக்கத்து டவுனில் ஒரு எண்ணெய் மில்காரர் நன்றாக விற்றுக்கொண்டிருந்தார். 'அவர் ஓட்டும்போது நாம ஓட்ட முடியாதா?' என்பதுதான் திட்டத்தின் அஸ்திவாரம். நான் பார்த்த பல திட்டங்களின் அஸ்திவாரமும் அதுதான்.

தலைமைச் செயல் அலுவலராக இருந்த பெண் பி.காம். படித்தவர். அவர் ஒரு வெள்ளைத் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். அதை இங்கே தருகிறேன். விலைகளை உங்கள் ஊருக்குத் தகுந்தபடி மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

பருப்பு கிலோ 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 100 கிலோவுக்கு 10,000 ரூபாய். மரச்செக்கில் ஆட்டினால் சுமார் 41 கிலோ எண்ணெய் வரும். ஒரு லிட்டர் கடலை எண்ணெய் 910 கிராம்தான் எடை இருக்கும். ஆக, 45 லிட்டர். புண்ணாக்கு 56 கிலோ, கிலோ 40 ரூபாய் என்றால் 2,240 ரூபாய் திரும்பி வருகிறது. ஆட்டும் கூலி, மின்சாரம் கிலோவுக்கு 8 ரூபாய் வீதம் 800. பாட்டில், லேபிள், அட்டைப்பெட்டி 18 ரூபாய் வீதம் 810. எல்லாம் சேர்த்துக் கழித்தால் லிட்டர் 208 ரூபாய் அடக்கம். 280 ரூபாய் விலை போட்டால் அதில் ஜி.எஸ்.டி. 5 சதவீதம் போக, கடைக்காரர் கமிஷன் 15 சதவீதம் போக, நம் கைக்கு வருவது 225. லிட்டருக்கு 17 ரூபாய் மிச்சம். இதிலிருந்துதான் வண்டி வாடகை, சம்பளம், வங்கி வட்டி எல்லாம். 18 லட்சத்துக்கு 12 சதவீத வட்டி என்றாலே மாதம் 18,000 ரூபாய். வட்டியை மட்டும் கட்ட மாதம் 1,060 லிட்டர் விற்க வேண்டும்.

மில்காரரோ 235 ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தார். அதே கணக்கைப் போட்டால் அவர் கைக்கு 189 ரூபாய்தான் வரும். லிட்டருக்கு 19 ரூபாய் நஷ்டம். ஆனால் மனிதர் புது வேன் வாங்கியிருக்கிறார்!

'பாமாயில் கலக்கறான் சார், வேற என்ன?' என்றார் ஒரு இயக்குநர். எல்லோரும் தலையாட்டினார்கள். போட்டியாளர் நம்மைவிடக் குறைத்து விற்றால் முதலில் வருகிற விளக்கம் இதுதான். நமக்கும் வசதி, மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை. அடுத்து, அதே வாயால் கடைத்தெருவில் போய்ச் சொல்லவும் ஆரம்பித்துவிடுவார்கள். அன்றைக்கு நான் அதைத்தான் முதலில் தடுத்தேன். சந்தேகம் இருந்தால் அதற்கு முறை இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின் 40-வது பிரிவின்படி, பொருள் வாங்குகிற எவரும் கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் பரிசோதிக்கலாம். ஒரு நிபந்தனை உண்டு. வாங்கும்போதே, 'இதைப் பரிசோதனைக்கு அனுப்பப் போகிறேன்' என்று விற்பவரிடம் சொல்லிவிட வேண்டும். ஒளித்துச் செய்கிற வேலையே இல்லை. பில் போட்டு வாங்கி, சொல்லிவிட்டு அனுப்பினார்கள். அறிக்கை வந்தது. சுத்தமான கடலை எண்ணெய்.

அதன் பிறகுதான் கூட்டத்தில் உண்மையான யோசனை தொடங்கியது. அதோடு சேர்ந்து இரண்டு சபலங்களும் வந்தன.

முதல் சபலம் என்னை நோக்கி வந்தது. 'சார், ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துல யார் எத்தனை மூட்டை என்ன விலைக்கு எடுத்தாங்கன்னு உங்க ஆபீஸ்லதானே பதிவு இருக்கு? அவரோட வரியை மட்டும் ஒரு போட்டோ எடுத்துக் கொடுங்களேன்.' கேட்டவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. எங்கள் அதிகாரிதானே என்ற உரிமை. அன்றாட வரத்து, அதிக விலை, குறைந்த விலை எல்லாம் விற்பனைக்கூடத்தின் பலகையிலேயே எழுதுகிறோம். உழவன் செயலியில் வருகிறது. அக்மார்க்நெட் இணையதளத்தில் வருகிறது. அதெல்லாம் ஊருக்குப் பொது. ஒரு தனி வியாபாரி எவ்வளவு வாங்கினார், பாக்கி எவ்வளவு என்பது அவர் அரசை நம்பிக் கொடுத்த விவரம். அதை நான் எடுத்துக் கொடுத்தால், நாளைக்கு இன்னொரு வியாபாரி வந்து இந்த அறுநூறு பேரின் நிறுவனத்தைப் பற்றிக் கேட்கும்போது என்ன சொல்லி மறுப்பேன்? முடியாது என்று சொன்னேன். இரண்டு கூட்டத்துக்கு என் டீயில் சர்க்கரை குறைவாக இருந்ததாக ஞாபகம். பிரமையாகவும் இருக்கலாம்.

இரண்டாவது சபலம் கையில் செல்போனோடு வந்தது. மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் வேலையை விட்டுவிட்டு இங்கே வேலை கேட்டு வந்தார். 'அவங்க கடை லிஸ்ட், பார்ட்டி போன் நம்பர், கொள்முதல் நோட்டு எல்லாம் போட்டோ வெச்சிருக்கேன்' என்றார். தன் தகுதிச் சான்றிதழ் போல அதைச் சொன்னார். பாவம், அதற்கு விலை உண்டு என்று யாரோ அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

கூட்டத்தில் அன்றைக்குப் பேச்சு காரசாரமாகத்தான் நடந்தது. நாம் திருடவில்லையே, தானாக வந்ததுதானே என்று ஒரு கட்சி. தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற இயக்குநர், 'வள்ளுவரே ஒற்றாடலுக்கு ஒரு அதிகாரம் ஒதுக்கியிருக்காரே' என்றார். அது அரசனுக்கு, பகை நாட்டின் மேல் என்றேன். மல்லாட்டை வியாபாரிக்குத் தெரிந்து செயல்வகை என்று வேறு அதிகாரம் இருக்கிறது என்றும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். ஆனால் பேச்சை முடித்தது நான் இல்லை. மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் இயக்குநர். இரண்டு ஏக்கர் மானாவாரிக்காரர்.

'அவங்க சோத்தத் தின்னுட்டு அவங்க நோட்டையே எடுத்தாந்திருக்கு இந்தப் புள்ள. நாளைக்கு நம்ம நோட்டு எங்க போவும்? அதுல எம் பேரும் இருக்குமே சார், நான் எத்தனை மூட்டை போட்டேன், எவ்ளோ முன்பணம் வாங்கினேன்னு.'

அதற்கு யாரிடமும் பதில் இல்லை. தலைவர் அந்த இளைஞரிடம், 'தம்பி, அதெல்லாம் அழிச்சிடு. வேலை வேணும்னா மத்தவங்க மாதிரி மனு கொடு' என்றார். அவர் மனு கொடுக்க வரவில்லை.

சட்டப்படியும் இதில் சங்கடம் உண்டு. பெயரும் போன் நம்பரும் அடங்கிய வாடிக்கையாளர் பட்டியல் தனிநபர் தரவு. 2023-ல் அதற்கென்றே டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. பெரிய கம்பெனிகளே இதில் அவமானப்பட்டிருக்கின்றன. 2001-ல் அமெரிக்காவில் புராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் அமர்த்திய ஆட்கள், போட்டி நிறுவனமான யூனிலீவரின் சிகாகோ அலுவலகத்துக் குப்பையிலிருந்து காகிதங்களைப் பொறுக்கி எடுத்தார்கள். ஷாம்பு வியாபாரத் திட்டங்கள். விஷயம் மேலிடத்துக்குத் தெரிந்ததும், புராக்டர் அண்ட் கேம்பிள் தானே யூனிலீவரிடம் போய் நடந்ததை ஒப்புக்கொண்டு சமரசம் செய்துகொண்டது. அத்தனை பெரிய கம்பெனி ஆராய்ச்சிக்கென்று ஆள், பணம் எல்லாம் வைத்துக்கொண்டு கடைசியில் குப்பைத்தொட்டியில் நின்றதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

சரி, திருட்டு போட்டோவை அழித்தாயிற்று. கேள்வி அப்படியே நிற்கிறதே, 235 ரூபாய் எப்படிக் கட்டுப்படியாகிறது?

ஒரு மாதம் அவகாசம் எடுத்துக்கொண்டார்கள். கடன் மனுவை அதுவரை நிறுத்தி வைத்தார்கள். செயல் அலுவலரும் இரண்டு இளம் உறுப்பினர்களும் ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டார்கள். முதல் வேலை, கடைகளில் இருக்கும் பாட்டில்களைப் பார்ப்பது. லேபிளில் எவ்வளவு செய்தி இருக்கிறது என்று நம்மில் பலர் கவனிப்பதில்லை. தயாரித்த முகவரி, அளவு, விலை, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், பேக்கிங் மாதம். உரிம எண்ணை அரசு இணையதளத்தில் போட்டால் உரிமம் உயிரோடு இருக்கிறதா என்று தெரியும். பில்லில் இருக்கும் ஜி.எஸ்.டி. எண்ணைப் போட்டால் தொழில் பதிவான தேதி, ஒழுங்காகக் கணக்குத் தாக்கல் செய்கிறாரா என்பது வரை தெரியும். எல்லாம் இலவசம்.

அவர்களுக்கு உதவியது பேக்கிங் மாதம்தான். பதினைந்து கடைகளில் பார்த்திருக்கிறார்கள். மில்காரரின் பாட்டில் எதுவுமே ஒரு மாதத்துக்கு மேல் பழசாக இல்லை. அதே அலமாரியில் 300 ரூபாய்க்கு மேல் விலை போட்ட மரச்செக்கு எண்ணெய்கள் ஐந்து மாதம், ஏழு மாதம் என்று தூசி படிந்து நின்றன. அதாவது, நாம் செய்ய நினைத்த சரக்கு கடையில் நகரவில்லை. அவருடையது நகர்கிறது. கடைக்காரர்களிடம் 'நாங்க இன்ன நிறுவனம், எண்ணெய் போடலாமான்னு யோசிக்கிறோம்' என்று சொல்லித்தான் கேட்டார்கள். வாடிக்கையாளர் மாதிரி நடித்துக் கேட்கக் கூடாது என்று முதலிலேயே பேசிக்கொண்டது. கடைக்காரர்கள் மறைக்காமல் சொன்னார்கள். மில்காரர் பதினைந்து நாளைக்கு ஒருமுறை தானே வந்து, விற்காததை எடுத்துக்கொண்டு புதிதாக வைக்கிறாராம்.

நிறுவனமாகப் பதிவு செய்தவராக இருந்தால் இன்னொரு வழியும் இருந்திருக்கும். கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் 100 ரூபாய் கட்டினால் எந்தக் கம்பெனியின் ஆண்டுக் கணக்கையும் திறந்து பார்க்கலாம். விற்றுமுதல், கடன், சரக்கு இருப்பு எல்லாம் கிடைக்கும். மில்காரர் தனிநபர் உரிமையாளர் என்பதால் அந்தக் கதவு இல்லை.

நோட்டின் பெரும்பகுதி சந்தையைப் பற்றியது. இங்கேதான் அவர்களுக்கு முதல் அதிர்ச்சி. தங்களுக்குப் போட்டி டவுன் மில்காரர் என்று நினைத்திருந்தார்கள். உண்மையான போட்டி குஜராத்திலும் மலேசியாவிலும் இருந்தது. நிலக்கடலை விளைச்சலில் குஜராத் முதலிடம். சௌராஷ்டிர மானாவாரி வெள்ளாமை அக்டோபர், நவம்பரில் சந்தைக்கு வரும்போது நம் மானாவாரி மல்லாட்டையும் வருகிறது. அங்கே குறைந்தபட்ச ஆதரவு விலைக்கு நாஃபெட் கொள்முதல் செய்து வைத்து, பிறகு ஏலத்தில் விடுகிற நேரம் நம் பங்குனி, சித்திரை இறவை அறுவடை நேரத்தோடு மோதினால் சேத்துப்பட்டிலும் அவலூர்பேட்டையிலும் ஏலம் மந்தமாகிறது. பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களின் இறக்குமதி வரி இன்னொரு பிடி. 2024 செப்டம்பரில் கச்சா எண்ணெய்களுக்கான அடிப்படை வரியைப் பூஜ்யத்திலிருந்து 20 சதவீதமாக ஏற்றினார்கள். 2025 மே மாதக் கடைசியில் 10 சதவீதமாக இறக்கினார்கள். இப்படி வரி ஏறி இறங்கும்போது, மளிகைக்கடையில் கடலை எண்ணெய்க்கும் சூரியகாந்தி எண்ணெய்க்கும் இருக்கும் விலை இடைவெளி மாறுகிறது. இடைவெளி அகன்றால் வீட்டுக்காரம்மா கடலை எண்ணெயைக் கால் லிட்டராகக் குறைத்துவிடுவார். இதெல்லாம் பத்திரிகையில் வருகிற செய்திதான். வேளாண் பல்கலைக்கழகத்தின் உள்நாட்டு மற்றும் ஏற்றுமதிச் சந்தைத் தகவல் மையம் விதைப்புக்கும் அறுவடைக்கும் முன்பாக விலை முன்னறிவிப்பு கொடுக்கிறது. அதையும் கத்தரித்து நோட்டில் ஒட்டினார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் 235 ரூபாய் மர்மம் அவிழவில்லை. கடைசியில் தலைவர் ஒரு காரியம் செய்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராக மில்லுக்கே போனார். துணைக்கு நானும் வரட்டுமா என்று கேட்டேன். 'நீங்க வந்தா ரெய்டுன்னு நெனச்சுக்குவாரு சார்' என்று தனியாகவே போய்விட்டார்.

அவர் அங்கே பேசியதைப் பிறகு அப்படியே கூட்டத்தில் சொன்னார். 'அண்ணே, நாங்க விவசாயிங்க சேர்ந்து எண்ணெய் போடலாம்னு இருக்கோம். உங்க விலைக்கு எங்களுக்குக் கட்டல. சொல்றதுன்னா சொல்லுங்க, இல்லன்னா ஒரு டீ குடிச்சிட்டுப் போறேன்.' மில்காரர் கொஞ்ச நேரம் இவரையே பார்த்துவிட்டுச் சிரித்தாராம். 'எண்ணெய்க்கு எதுக்குய்யா முழுப் பருப்பு?'

விஷயம் அவ்வளவுதான். கடலை மிட்டாய்க்காரர்களுக்கும் வறுகடலைக்காரர்களுக்கும் பருப்பு தருகிற உடைப்பு மில்களில், முழுப் பருப்பைச் சலித்து எடுத்த பிறகு உடைசலும் பொடிப் பருப்பும் மிஞ்சும். அதை அவர் கிலோ 80 ரூபாய்க்குள் வாங்குகிறார். கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். லிட்டர் அடக்கம் 164-க்கு இறங்கிவிடும். 189 கைக்கு வந்தால் இருபது ரூபாய்க்கு மேல் லாபம். உடைந்த பருப்பு சீக்கிரம் காறும் என்பதால் அவர் சரக்கைத் தேக்குவதில்லை. அதனால்தான் அலமாரியில் பழைய பாட்டிலே இல்லை. அந்தப் பருப்பை ஈரமாக வாங்கி வைத்தால் பூஞ்சணம், அஃப்ளாடாக்சின் என்று ஆபத்து உண்டு. காய்ந்ததை மட்டும் எடுப்பேன் என்றும் சொல்லியிருக்கிறார். 'நீங்க நல்லா காய வெச்சு, சலிச்சுக் கொடுத்தா உடைசலை நானே எடுத்துக்கறேன்' என்பதோடு பேச்சு முடிந்தது.

செக்குத் திட்டம் கைவிடப்பட்டது. கடனும் 18 லட்சத்துக்கு வாங்கவில்லை. உலர்களம், ஓடு உடைக்கும் இயந்திரம், சல்லடை, ஈரப்பதமானி என்று அதில் மூன்றில் ஒரு பங்குக்குள் முடித்தார்கள். உறுப்பினர்களின் மல்லாட்டையை ஈரம் 8 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்வரை காய வைத்து உடைக்கிறார்கள். முதல் ரகப் பருப்பு தெற்கே மிட்டாய்க்காரர்களுக்குப் போகிறது. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தத் தொழிலுக்கு ஒரே அளவான பருப்பு வேண்டும், அதற்கு விலையும் தருகிறார்கள். உடைசல் டவுன் மில்லுக்கு. யாரைப் போட்டி என்று நினைத்தார்களோ அவர் இப்போது ரொக்கம் தருகிற வாடிக்கையாளர். எல்லோருக்கும் இதில் திருப்தி என்று சொல்ல மாட்டேன். தமிழாசிரியர் ஐயா இன்னமும், 'நம்ம பேர் போட்ட எண்ணெய் ஒண்ணு இருந்திருக்கணும்' என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பெயருக்கு மதிப்பு உண்டு. ஆனால், அலமாரியில் ஏழு மாதம் நின்ற பாட்டில்களிலும் யாரோ ஒருவர் பெயர் இருந்தது.

இந்த நட்பில் ஒரு வழுக்கலும் வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். அடுத்த பருவத்தில் நிறுவனம் உறுப்பினர் அல்லாதவர்களிடமும் பருப்பு வாங்க விற்பனைக்கூட ஏலத்தில் கலந்துகொண்டது. மில்காரரும் வருவார். ஒரு நாள் காலையில் அவர் நல்ல மனதோடுதான் சொன்னார்: 'நமக்குள்ள எதுக்குப் போட்டி? இந்த விலைக்கு மேல நானும் கேக்கல, நீங்களும் கேக்காதீங்க.' தலைவருக்கு இது சரியா தப்பா என்று பிடிபடாமல் எனக்குப் போன் செய்தார். தப்பு. 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் இப்படிப் பேசி வைத்து ஏலம் கேட்பதைத் தடை செய்கிறது. சட்டத்தை விடுங்கள். அந்த ஏலத்தில் மூட்டையோடு உட்கார்ந்திருப்பவர் யார்? நம் பக்கத்து ஊர் விவசாயி. அவருக்கு விலை கிடைக்க வேண்டும் என்றுதானே நிறுவனமே ஆரம்பித்தது? 'அண்ணே, அது மட்டும் வேணாம்' என்று தலைவர் சொல்லிவிட்டார். மில்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு இவர்களைவிட மூட்டைக்கு ஐம்பது ரூபாய் கூடுதலாகக் கேட்டு அவரே எடுத்துக்கொண்டு போனார்.

கடிதம் எழுதிய வாசகருக்கு இப்போது நேராகச் சொல்கிறேன். அந்தக் கணக்குப் பையனைக் கேட்க வேண்டாம். சொந்தக்காரர் என்பதால் அவர் மறுக்க முடியாமல் தவிப்பார். தெரிந்தால் அவர் வேலையும் போகும், ஊரில் உங்கள் பேச்சும் எடுபடாது. உங்கள் செயல் அலுவலருக்கு வாரத்தில் அரை நாள் ஒதுக்குங்கள். கடைகளைச் சுற்றட்டும், பில் போட்டு ஒரு பாட்டில் வாங்கட்டும், விற்பனைக்கூடப் பலகையை எழுதி வரட்டும். நோட்டில் ஒவ்வொரு தகவலுக்கும் எதிரே 'யார் சொன்னது, எந்தத் தேதி' என்று ஒரு பத்தி இருக்கட்டும். யார் சொன்னது என்று கூட்டத்தில் வாய்விட்டுப் படிக்கக் கூச்சமாக இருந்தால் அந்த வரி நோட்டில் வேண்டாம். மாதத்துக்கு ஒருமுறை இயக்குநர் குழுவில் அதைப் படித்து, இதனால் நாம் எதை மாற்ற வேண்டும் என்று கேளுங்கள். மாற்ற ஒன்றும் இல்லையென்றால் அந்த மாதம் படித்ததோடு விடலாம்.

உங்கள் ஊர்த் தனியார் கம்பெனி பதிவு செய்த கம்பெனி என்றால் 100 ரூபாய் கட்டி அதன் கணக்கைப் பாருங்கள் என்று சொன்னேன் அல்லவா? உங்கள் உழவர் நிறுவனமும் கம்பெனிச் சட்டத்தில் பதிவானதுதான். உங்கள் கணக்கும் அதே இடத்தில், அதே 100 ரூபாய்க்குத் திறந்து கிடக்கிறது. முதல் 100 ரூபாயைக் கட்டி அதைப் பாருங்கள். போன வருடக் கணக்கு தாக்கல் ஆகியிருக்கிறதா, சரக்கு இருப்பு என்று ஆடிட்டர் போட்டிருக்கும் எண்ணும் உங்கள் கிடங்கில் இருந்த மூட்டையும் ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். செக்கு போடலாமா என்பதை அதற்குப் பிறகு பேசுவோம்.